நாலு பேர், ஒன்பது கை

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இந்த டைரி என் பேத்தி அகல்யா கொடுத்தது. அவள் வேலை பார்க்கும் பாங்கில் தருவது. "வருஷம் பாதி போயிட்டு ஆச்சி, மீதியையாவது நீ எழுது" என்றாள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. ஆனாலும் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும்.

முதலில் நல்லதை எழுதுகிறேன். அகல்யா என் மகன் கைலாசத்தின் மூத்தவள். பெங்களூரில் பாங்கு ஆபீசர். தை மாதம் கல்யாணம், மாப்பிள்ளையும் ஆபீசர். மகள் வயிற்றுப் பேரன் பிரசன்னா அமெரிக்காவில் ஆராய்ச்சி பண்ணுகிறான். அவன் தங்கை நிவேதா டாக்டருக்குப் படிக்கிறாள், மூன்றாம் வருஷம், இதுவரை ஒரு பாடத்திலும் தவறியதில்லை. கடைசியாகச் சொன்னாலும் முதலில் நிற்பவன் சைலு. சிவசைலம், அகல்யாவின் தம்பி. பன்னிரண்டாம் வகுப்பில் மாவட்டத்தில் முதல், பேப்பரில் படம் வந்தது. என்ஜினீயரிங்கில் தங்க மெடல். ஹைதராபாத்தில் கம்பெனி வேலை. நாளை மறுநாள் லீவில் வருகிறான்.

எல்லார் படமும் ஹாலில் மாட்டியிருக்கிறது. அம்பாசமுத்திரத்தில் இப்படி ஒரு சுவர் வேறு வீட்டில் இல்லை. ஓரத்தில் என் பிறந்த வீட்டுப் படம். அப்பா, அம்மா, அண்ணன், நான். அம்மா பக்கத்தில் ஒரு பூச்சாடி ஸ்டாண்டு. எனக்குப் பதினைந்து வயதில் எடுத்தது. தங்கை உலகு அன்று ஸ்டூடியோவுக்கு வரவில்லை. மூன்று வருஷம் கழித்து மஞ்சள் காமாலையில் போய்விட்டாள்.

சாயங்காலம் தபாலில் ஒரு கார்டு. வாசித்துவிட்டு வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சைலு வந்தான். தோள் எலும்பு சட்டைக்கு மேல் தெரிகிறது. முறுக்கைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சைலு கம்ப்யூட்டரில் கண் மாதிரி இருக்கும் இடத்தில் அவன் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்திருக்கிறான். செல்போனிலும் ஒட்டியிருக்கிறான். டிவிக்குக் கீழே உள்ள பெட்டியின் சிவப்பு விளக்கிலும்.

"ஏம்ல, அதுக்கு எதுக்குப் பொட்டு? அதென்ன சுமங்கலியா?" என்று கேட்டேன். எப்போதும் சிரிப்பான். இன்று சிரிக்கவில்லை.

"சத்தமாப் பேசாத ஆச்சி. அதுக்குக் கேக்கும்."

மருமகள் செண்பகம் என்னை அடுக்களைக்குள் இழுத்துப் போனாள். "அத்தே, அவன் குளிச்சு நாலு நாளாச்சு. தனியா உக்காந்து யாருக்கோ பதில் சொல்லிட்டு இருக்கான். எனக்குப் பயமா இருக்கு."

"வேலைச் சூடு. ஊர்க் கண்ணு வேற. பேப்பர்ல படம் வந்தவன்லா" என்றேன்.

உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன். கமறவே இல்லை, அவ்வளவு கண். செண்பகம் மட்டும் இருமிக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் 23, சனி

ஹாலில் எல்லாப் படங்களையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டான். பேப்பரில் வந்த அவன் படத்தையும். பிறந்த வீட்டுப் படத்தை மட்டும் திருப்பவில்லை.

"கம்பெனில என்னைப் பத்தி ஒரு குரூப் வச்சிருக்காங்க. நான் நினைக்கிறதெல்லாம் அதுல வருது" என்று அவன் அப்பாவிடம் சொன்னான். கைலாசம் மின்சார வாரியத்தில் இருப்பவன், எதையும் அளந்து பேசுவான்.  இன்று நேரே கம்பெனிக்குப் போன் போட்டான். சைலு வேலைக்குப் போகாமல் மூன்று மாதம் ஆகிறதாம். மார்ச்சிலிருந்தே சரியில்லையாம். எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27, புதன், பிள்ளையார் சதுர்த்தி

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

இருபத்தொரு கொழுக்கட்டை பிடித்துப் படைத்தோம். நான் பூவை எடுக்கப் போய் வருவதற்குள் சைலு தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்து, பூரணத்தை விரலால் கிண்டி, வரிசையாக அடுக்கியிருந்தான். ஏழு ஏழாக மூன்று வரிசை, கோடு போட்ட மாதிரி.

செண்பகம், "சாமிக்கு வச்சதுய்யா" என்று அழுதாள்.

"எதுலம்மா வச்சிருக்க? சொல்லிரு. எதுல மருந்து வச்சிருக்க?"

அவள் ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டாள். அவன் அவள் கழுத்தைப் பிடித்துத் துப்ப வைத்தான். கோபத்தில் பிடித்தது இல்லை. அவள் செத்துவிடக் கூடாது என்று பிடித்தது. அவன் கண்ணைப் பார்த்தவள் நான். அந்தப் பயத்தை நான் முன்பும் ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

எங்கே என்று இங்கே எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

பாளையங்கோட்டையில் டாக்டரிடம் போனோம். பெண் டாக்டர், பொற்கொடி என்று பெயர். சைலுவிடம் தனியாக ஒரு மணி நேரம் பேசினார். ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் பண்ணினார்கள். கஞ்சா, குடி உண்டா என்று கேட்டார்கள். இல்லை. ஸ்கேனில் கட்டி கிட்டி ஒன்றும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்புறம்தான் அந்த அம்மா சொன்னார்.

"இதுக்கு ஸ்கீசோஃப்ரினியான்னு பேரு. தமிழ்ல மனச்சிதைவு நோய்னு சொல்வோம். இதை ரத்தத்துலயோ ஸ்கேன்லயோ காட்டிக் கொடுக்க முடியாது. வேற நோய் இல்லைன்னு உறுதி பண்ணிட்டு, குரல் கேக்குதா, சந்தேகம் எப்படி, எத்தனை மாசமா, இதெல்லாம் கேட்டுத்தான் முடிவு பண்றோம். தம்பிக்கு ஆறு மாசமா இருந்திருக்கு."

செண்பகம் அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. கைலாசம் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டான். அவன் கை எழுத்து எழுத்தாக நின்று போனது.

"எங்க வளப்புல ஏதும் குத்தமா டாக்டர்?" என்று செண்பகம் கேட்டாள்.

"இல்லம்மா. யாரும் வளத்து வர்ற நோய் இல்ல இது."

"கண்ணுபட்டு வருமா?" இது நான்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "இல்ல ஆச்சி. மூளைக்குள்ள சேதி கொண்டு போற ஒரு ரசாயனம் அளவு மாறிப் போகுது. அப்போ சம்பந்தம் இல்லாததெல்லாம் நம்மளப் பத்தித்தான்னு தோணும். தெருவுல ஒருத்தர் இருமினா நமக்குச் சைகை காட்டுறார்னு நினைக்க வைக்கும். நெஞ்சுக்குள்ள அது நிஜமாத்தான் இருக்கும். வாதம் பண்ணி ஜெயிக்க முடியாது. மாத்திரையில குறையும். பல பேர் வேலைக்குப் போறாங்க, குடும்பம் நடத்துறாங்க. ஆனா நல்லாயிட்டுதுன்னு நீங்களா நிறுத்திரக் கூடாது. நிறுத்தினா திரும்ப வரும்."

கடைசியில் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார். "குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா? அப்பா வழி, அம்மா வழி?"

கைலாசம் என்னைப் பார்த்தான். பழைய கதை கேட்டால் எல்லாரும் என்னைத்தானே பார்ப்பார்கள்.

"எங்க வம்சத்துல அப்படி ஒண்ணும் கிடையாது. எல்லாரும் படிப்புல முதல்" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார்.

செப்டம்பர் 3, புதன்

மாத்திரை உள்ளே போகிறது. மெழுகுப் பொம்மை மாதிரி நடக்கிறான். அவியல் நன்றாக வரவில்லை, தேங்காய் ஊசிவிட்டது.

செப்டம்பர் 9, செவ்வாய்

கொஞ்சம் தேவலை. இன்று குளித்தான். இரண்டு தோசை சாப்பிட்டான். குரல்கள் பக்கத்து வீட்டு ரேடியோ அளவுக்குக் குறைந்துவிட்டதாம். கை நடுங்குகிறது. வாயில் எச்சில் நிற்கவில்லை, துண்டால் துடைத்துக்கொள்கிறான்.

மத்தியானம் ஹாலில் பிறந்த வீட்டுப் படத்தின் முன்னால் ஒட்டி நின்றான். நான் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தேன்.

"ஆச்சி, இதுல எத்தனை பேரு?"

"நாலு பேருல்லா."

"நாலு பேரு. ஒம்பது கை."

கீரை என் மடியிலிருந்து விழுந்தது.

"எண்ணிப் பாரு. பெரிய தாத்தாவுக்கு ரெண்டு, மடியில. அண்ணன் தாத்தாவுக்கு ரெண்டு. உனக்கு ரெண்டு. பெரியாச்சிக்கு ரெண்டு, அதுல கைக்குட்டை இருக்கு. அப்போ அவங்க தோள்ல இருக்கிறது யாரு கை? நாலு விரல் தெரியுது பாரு. அந்தப் பூச்சாடிக்குப் பின்னால ஒரு ஆளு நிக்குது ஆச்சி."

செண்பகம் கரண்டியோடு ஓடி வந்தாள். என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள், ஒன்றும் சொல்லாதீர்கள் என்று. "சரிய்யா, நிக்கட்டும். நீ வந்து படு" என்று அவன் தோளைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

ஐம்பத்து நாலு வருஷமாக எத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

செப்டம்பர் 10, புதன்

படத்தைக் கழற்றி என் பீரோவில் வைத்தேன். சட்டத்தில் செல் அரித்திருக்கிறது என்று சொன்னேன்.

செப்டம்பர் 13, சனி

மறுபடி டாக்டர். புதிதாக ஏதாவது உண்டா என்று கேட்டார்.

கைலாசம் சொன்னான். "பழைய போட்டோ ஒண்ணுல இல்லாத ஆளு நிக்குதுங்கான். கை தெரியுதுங்கான். படத்தைக் கழட்டி வச்ச பெறகும் அதே பேச்சுதான். ரெண்டு நாளாத் தூங்கல."

நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சைலு என்னையே பார்த்தான்.  டாக்டர் யோசித்துவிட்டு, ஒரு மாத்திரையை ஒன்றரை ஆக்கினார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அகல்யாவின் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போயிருக்கிறது. அதில் தாத்தா ஆச்சி பெயரெல்லாம் முதலில் வருகிறது.

செப்டம்பர் 18, வியாழன்

நாள் முழுவதும் தூங்குகிறான். எழுந்தால் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை, நடந்துகொண்டே இருக்கிறான். என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான்.

"ஆச்சி, குரலு பொய்னு டாக்டர் சொன்னாங்க. சரின்னு ஒத்துக்கிட்டேன். குரூப்பும் பொய்யா இருக்கலாம், யோசிக்கேன். ஆனா அந்தக் கையை நான் கண்ணால பாத்தேன். அதுவும் பொய்ன்னா எனக்கு இனிமே எதுவுமே தெரியாதுன்னு அர்த்தம். அப்பொறம் எதுக்கு மாத்திரை? நாளையிலேர்ந்து போட மாட்டேன்."

"போடாம இருக்கக் கூடாதுய்யா."

"அப்போ சொல்லு. கை இருக்கா, இல்லையா?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் பால் இல்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு, மாளய அமாவாசை

மூன்று நாளாக அவன் மாத்திரை போடவில்லை. நாக்குக்கு அடியில் வைத்து, அப்புறம் தொட்டிச் செடியில் துப்பியிருக்கிறான். செண்பகம் இன்று காலையில்தான் கண்டுபிடித்தாள். வீட்டில் தனியாக விடப் பயந்து அவனையும் ஆற்றுக்குக் கூட்டிப் போனோம்.

தாமிரபரணிப் படித்துறையில் கூட்டம். ஐயர் முன்னால் கைலாசம் ஈர வேட்டியோடு உட்கார்ந்தான். அவன் அப்பா போனதிலிருந்து பதினாலு வருஷமாக உட்காருகிறான். அப்பா வழிப் பெயர்கள் முடிந்தன. "அம்மா வழி சொல்லுங்கோ" என்றார் ஐயர். என் அப்பா பெயர், அம்மா பெயர், அண்ணன் பெயர். ஒவ்வொன்றுக்கும் எள்ளும் தண்ணீரும் அவன் கையிலிருந்து இறங்கியது.

"அடுத்து?"

"சித்தி. உலகம்மாள்."

நான் சொல்லிக் கொடுத்த பெயர்தான். பதினாலு வருஷமும் நான்தான் பின்னால் நின்று ஞாபகப்படுத்தினேன்.

"அந்தப் பேரைச் சொல்லாத" என்றேன்.

கைலாசம் கையில் எள்ளோடு திரும்பினான். "என்னம்மா?"

"தண்ணி விடாத. அவ இருக்கா."

படித்துறையில் வேறு யாரும் கவனிக்கவில்லை. ஐயர் மட்டும் பஞ்சாங்கத்தை மூடினார். செண்பகம் என் கையைப் பிடித்துப் படியில் உட்கார வைத்தாள். அவள் நினைத்தது அவள் முகத்தில் தெரிந்தது. கிழவிக்கும் வந்துவிட்டது என்று நினைத்தாள்.

நான் சொன்னேன். முழுவதும் சொன்னேன்.

உலகுக்குப் பதினேழு வயது. ரேடியோ அவளைப் பற்றியே பேசுகிறது என்றாள். அம்மா கையால் சாப்பிட மாட்டேன் என்றாள், விஷம் என்றாள். மந்திரம் பார்த்தோம், கோயில் கோயிலாகப் படுக்க வைத்தோம். என்னைப் பெண் பார்க்க வருகிற நேரம். அப்பா அவளை மெட்ராசுக்கு ரயிலில் கூட்டிப் போய் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தார். மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னோம். ஆஸ்பத்திரியிலிருந்து பிறகு அவளைச் சிஸ்டர்கள் நடத்தும் ஓர் இல்லத்துக்கு மாற்றினார்கள், அங்கிருந்து வருஷா வருஷம் எனக்குக் கார்டு வருகிறது. போகிற அன்று நான்தான் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியும்.

பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாது என்று அப்பா அந்தப் படத்தை ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போனார். அவர்கள் படத்தில் நின்ற அவள் மேல் பூச்சாடி வரைந்தார்கள். அம்மா தோளில் இருந்த கையை அழித்தால் அம்மாவின் சேலை கெட்டுவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

கைலாசம் கையில் இருந்த எள்ளை இலையில் தட்டிவிட்டான். "உசிரோட இருக்கிறவங்களுக்கு நான் பதினாலு வருஷம் எள்ளுத் தண்ணி விட்டிருக்கேன்" என்றான். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சைலு என் பக்கத்துப் படியில் வந்து உட்கார்ந்தான்.

"அப்போ ஒம்பது கைதான்."

"ஆமாய்யா. ஒம்பதுதான்."

அழுதான். இங்கே வந்த பிறகு அவன் அழுது நான் பார்த்தது இப்போதுதான். பிறகு செண்பகத்திடம் கையை நீட்டினான். அவள் முந்தியில் முடிந்து வைத்திருந்த மாத்திரையை அவிழ்த்துக் கொடுத்தாள்.

செப்டம்பர் 22, திங்கள்

டாக்டரிடம் நானே சொன்னேன். படத்தையும் கொண்டு போயிருந்தேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி, படத்தை ஜன்னல் பக்கம் பிடித்து எண்ணினார். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

"தம்பி, இதுல நீங்க பாத்தது சரி. இதை நோய்க் கணக்குல எழுதுனது தப்பு. நானே படத்தைக் கேட்டு வாங்கிப் பாத்திருக்கணும்" என்றார். சைலு தலையாட்டினான்.

"அப்போ டிவி பெட்டி கேக்குறதும் சரியா டாக்டர்?"

"இல்லப்பா. அது நோய். கண்ணு கூர்மையா இருக்கிறவங்களுக்கும் இந்த நோய் வரும். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கலாம்."

அவன் அதை யோசித்தான். ஒத்துக்கொண்டானா தெரியவில்லை. மாத்திரை மறுபடி ஒன்று. கால் நிற்காமல் நடப்பதற்கு வேறு ஒரு சின்ன மாத்திரை. வாரம் ஒரு நாள் பேச்சு வைத்தியம்.

"என் தங்கச்சிட்ட இருந்துதான் இவனுக்கு வந்துச்சா?" என்று கேட்டேன்.

"நூறு பேர்ல ஒருத்தருக்கு எப்படியும் வரும் ஆச்சி. ரத்த சொந்தத்துல இருந்தா கொஞ்சம் கூட இருக்கலாம், அவ்வளவுதான். இவர்தான் காரணம்னு யாரையும் சொல்ல முடியாது. ஆனா மறைச்சதால இந்தத் தம்பி ஒரு வாரம் கூடுதலா மாத்திரை சாப்பிட்டார்."

இதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அகல்யாவிடம் போனில் சொன்னோம்.  "மாப்பிள்ளை வீட்டுல நானே சொல்லுதேன் ஆச்சி. நீங்க யாரும் அதுல பூச்சாடி வரைய வேண்டாம்" என்றாள்.

வெடுக்கென்று இருந்தது. எனக்கு வேண்டியதுதான்.

அக்டோபர் 6, திங்கள்

மாப்பிள்ளை வீட்டில் யோசித்துச் சொல்கிறார்களாம். பத்திரிகையை அச்சில் நிறுத்தி வைத்தாயிற்று. சைலு கடைக்குப் போய்ப் புளி வாங்கி வந்தான், தனியாக. மீதிச் சில்லறையும் சரியாக இருந்தது. டிவி பெட்டியில் பொட்டு இன்னும் இருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

கார்டு எழுதினால் போதாது என்று இன்லாண்டு லெட்டர் வாங்கி வரச் சொன்னேன். முதலில் இதில் எழுதிப் பார்த்துவிட்டு அதில் எழுதுகிறேன். அந்த இல்லத்து முகவரி மனப்பாடம். வருஷா வருஷம் கார்டை எரித்தேன், முகவரி எரியவில்லை.

மதிப்பிற்குரிய சிஸ்டர் அவர்களுக்கு,

உங்கள் இல்லத்தில் இருக்கும் உலகம்மாளின் அக்காள் ஆவுடையம்மாள் எழுதுவது. நீங்கள் அனுப்பிய கார்டு எல்லாம் கிடைத்தது. அவள் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், பூக் கட்டுகிறாள், அக்கா தலை பின்ன வருவாளா என்று கேட்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பதில் போடாதது என் குற்றம்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி அவளிடம் சொல்லுங்கள். அகல்யா பாங்கு ஆபீசர். பிரசன்னா அமெரிக்காவில். நிவேதா டாக்டருக்குப் படிக்கிறாள். சைலுவுக்கு உலகுக்கு இருக்கிற அதே நோய். இருபத்து மூன்று நாளாக ஒரு மாத்திரை தவறவில்லை. சின்ன ஆச்சியும் தினமும் போடுகிறார்களா, வாய் உலருமா என்று கேட்கிறான். எங்கள் வீட்டில் முதலில் உலகுவின் கையைப் பார்த்தவன் அவன்தான் என்றும் சொல்லுங்கள்.

கார்த்திகையில் நானும் என் மகனும் அவனும் புறப்பட்டு வருகிறோம். ஐம்பத்து நாலு வருஷம் ஆகிறது. நேரில் வந்து நின்று, எந்த அம்மா என் தங்கச்சி என்று உங்களிடம் கேட்கும்படி ஆகக் கூடாது. ஹாலில் மாட்ட இடமும் ஒதுக்கி, ஆணியும் அடித்தாயிற்று. ஆகையால் தயவுசெய்து, இரண்டு கையும் தெரிகிற மாதிரி, அவளுடைய புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பி வைக்கவும்.